சூளைக்கு அஞ்சாத நிறம்

திருவொற்றியூர் லேத் பட்டறைகளில் சாணைச் சக்கரத்தை நிறம் சொல்லித்தான் கேட்பார்கள். சாதாரண இரும்புக்குப் பழுப்பு, கடினமான டூல் ஸ்டீலுக்கு வெள்ளை அல்லது பிங்க், கார்பைடு முனைக்குப் பச்சை. இதே ஊரில்தான் முருகப்பா குழுமத்தின் கார்போரண்டம் யுனிவர்சல் சாணைச் சக்கரம் செய்கிறது. அந்த நிறுவனம் தொடங்கியது 1954இல். சாணைச் சக்கரம் பெரும்பாலும் பீங்கானுக்கு நெருங்கிய உறவு. கடினமான மணிகளைக் களிமண், ஃபெல்ட்ஸ்பார், கண்ணாடித்தூள் கலந்த பிணைப்பில் சேர்த்து அழுத்தி, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் சுட்டால் சக்கரம் கிடைக்கும்.

அந்த பிங்க் சக்கரத்துக்கு யாரும் பெயின்ட் அடிக்கவில்லை. அலுமினாவை உருக்கும்போது சிறிதளவு குரோமியம் ஆக்ஸைடைச் சேர்க்கிறார்கள். அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் குரோமியம் போய் உட்கார்ந்துகொள்கிறது. மணி வளரும்போதே நிறமும் உள்ளே வந்துவிடுகிறது. மாணிக்கக் கல் சிவப்பாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

பாத்திரத்துக்கும் ஓட்டுக்கும் நிறம் தரும் செராமிக் ஸ்டெயின் என்ற தூளும் இந்தத் தத்துவத்தில்தான் இயங்குகிறது. பொட்டலத்தைத் திறந்தால் கோலப்பொடி போல இருக்கும். உண்மையில் அது ஏற்கெனவே ஒருமுறை சூளை கண்டு வந்த கல், பொடியாக. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

சூளைக்கு ஏன் தனி நிறம் வேண்டும்? கோசப்பேட்டையில் கொலுப் பொம்மைக்கும் பிள்ளையாருக்கும் அடிப்பது சுட்டு ஆறிய பிறகு பூசும் வண்ணம். அலமாரியில் இருக்கும் பொம்மைக்கு அது போதும். குழம்பு ஊற்றும் கிண்ணத்துக்கும், தினம் தேய்த்துக் கழுவும் தரை ஓட்டுக்கும் போதாது. அங்கே நிறம் கண்ணாடிப் பூச்சுக்குள்ளேயோ மண்ணுக்குள்ளேயோ இருந்தாக வேண்டும். அந்தக் கண்ணாடிப் பூச்சைத்தான் தொழிலில் கிளேஸ் என்கிறார்கள். சாதாரண பீங்கானுக்கே ஆயிரம் டிகிரி வேண்டும். ஸ்டோன்வேர் எனப்படும் கெட்டி வகைக்கு 1200 முதல் 1300 வரை. துணிச்சாயம், உணவுச்சாயம், நாம் அறிந்த கரிமச் சாயம் எதுவும் அதில் பாதி வெப்பம்கூடத் தாங்காது. எரிந்து காற்றாகிவிடும்.

தாக்குப்பிடிப்பவை உலோகங்களின் ஆக்ஸைடுகள்: இரும்பு, கோபால்ட், செம்பு, மாங்கனீசு, குரோமியம், நிக்கல். பழைய குயவர் கையாண்டதும் இவைதான். கீழடியில் கிடைத்த கருப்பு-சிவப்புப் பானையின் சிவப்பு இரும்பின் வேலை. காற்று தாராளமாகப் பட்ட பக்கம் சிவப்பு. காற்று அடைபட்டுப் புகை சூழ்ந்த பக்கம் கருப்பு, அதில் புகையின் கரிக்கும் பங்கு உண்டு. நம் வீட்டு ஊறுகாய் ஜாடியின் மேல்பாதிப் பழுப்பிலும் இரும்பு இருக்கிறது. எண்ணூர் பக்கம் மின்கோபுரங்களில் தொங்கும் பழுப்புப் பீங்கான் இன்சுலேட்டர்களுக்கு நிறம் தருவதும் இரும்பு, மாங்கனீசு, குரோமியம் ஆகியவற்றின் ஆக்ஸைடுகளே. அந்தப் பழுப்புக்கு மின்சாரம் தடுக்கும் சக்தி ஏதுமில்லை. அது வெறும் வழக்கம். வேலை செய்வது கிளேஸின் வழவழப்பு. கடற்காற்று கொண்டுவந்து படியவைக்கும் உப்பை மழை கழுவிக்கொண்டு போக அதுதான் உதவுகிறது.

சரி, ஆக்ஸைடே போதுமென்றால் ஸ்டெயின் எதற்கு? ரசத்தில் உப்பு போட்டால் கரைந்து காணாமல் போய்விடும். மிளகைத் தட்டிப் போட்டால் துணுக்கு துணுக்காக நிற்கும். கிளேஸ் உருகும்போது ஆக்ஸைடு உப்பைப் போலக் கரைகிறது, ஸ்டெயின் பெரும்பாலும் மிளகைப் போல நிற்கிறது. கரைந்த ஆக்ஸைடின் நிறம் அந்தக் கிளேஸின் சேர்மானம், வெப்பம், சூளைக் காற்று என எல்லாவற்றுக்கும் ஏற்ப மாறும். செம்பு ஒரு சூளையில் பச்சை, இன்னொரு கிளேஸில் நீலப்பச்சை, புகைச் சூளையில் ரத்தச் சிவப்பு. இதில் அழகு உண்டு, கலைஞர்கள் இதற்காகவே உயிரை விடுகிறார்கள். ஆனால் நூறு கோப்பை ஒரே நிறத்தில் வேண்டுமென்று ஆர்டர் வந்தால் இது தலைவலி. இன்னொரு சங்கடம்: சுடாத தூளின் நிறம் சுட்ட நிறத்தைக் காட்டாது. கோபால்ட் கார்பனேட் தூள் இளம் ஊதா. சுட்டால் கரும் நீலம். ஸ்டெயினில் தூளைப் பார்த்தே சுட்ட நிறத்தை ஏறக்குறைய ஊகிக்கலாம்.

ஸ்டெயினை இப்படிச் செய்கிறார்கள்: நிறம் தரும் ஆக்ஸைடையும் அதைத் தாங்கப்போகும் வெள்ளைப் பொருளையும் நன்றாகக் கலந்து, அதிக வெப்பத்தில் சுட்டு, இரண்டும் சேர்ந்து ஒரு படிகமாகும்படி விடுகிறார்கள். பிறகு அரைத்து, கரையக்கூடிய மிச்சத்தைக் கழுவி எடுத்து, மறுபடி நுணுக்குகிறார்கள். ஓடு அச்சிடும் இன்க்ஜெட் மைக்கு ஒரு மைக்ரானுக்கும் கீழே நுணுக்க வேண்டும். குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரி லாரியாக வரும் 'மார்பிள்' ஓடுகளின் ரேகையெல்லாம் இப்படி அச்சடித்த ஸ்டெயின்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை ஜிர்கான். அதற்குத் தமிழ்நாட்டின் தென்கோடிக்குப் போக வேண்டும். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மணலில் இல்மனைட், ரூட்டைல், கார்னெட், ஜிர்கான், மோனசைட் எல்லாம் கலந்து கிடக்கின்றன. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அப்போது எல்லோரும் தேடியது மோனசைட்டில் உள்ள, கேஸ் விளக்கு வலைக்கு வேண்டிய தோரியத்தை. இன்று அங்கே மணலைப் பிரித்தெடுப்பது மத்திய அரசின் ஐஆர்இஎல் நிறுவனம்.

ஜிர்கான் என்பது ஜிர்கோனியாவும், அதாவது ஜிர்கோனியம் ஆக்ஸைடும், சிலிக்காவும் சேர்ந்த படிகம். உருகிய கண்ணாடியால் அதை எளிதில் கரைக்க முடியாது. அதனால்தான் வாஷ்பேசினையும் கழிப்பறைக் கோப்பையையும் வெள்ளையாக்க நுணுக்கிய ஜிர்கானைக் கிளேஸில் கலக்கிறார்கள். நிறத்துக்கு இதைவிட நல்ல கோட்டை ஏது? ஆனால் இயற்கையான ஜிர்கான் மணலில் நிறத்தைத் திணிக்க முடியாது; படிகம் ஏற்கெனவே மூடிவிட்டது. அதை உடைத்து ஜிர்கோனியாவாக்கி, மறுபடி சிலிக்காவோடு சேர்த்துச் சுட வேண்டும். புதுப் படிகம் உருவாகும் அந்த நேரத்தில் பக்கத்தில் வனேடியம் இருந்தால் டர்க்காய்ஸ் நீலம், பிரசியோடிமியம் இருந்தால் எலுமிச்சை மஞ்சள், இரும்பு ஆக்ஸைடை உள்ளே அடைத்துவிட்டால் பவள பிங்க். சாதாரணமாக ஜிர்கான் உருவாக மிகுந்த வெப்பம் வேண்டும். சோடியம் ஃப்ளூரைடு போன்ற உப்பைச் சிறிது சேர்த்தால் ஆயிரம் டிகிரியை ஒட்டியே வேலை முடிந்துவிடும். அமெரிக்காவின் ஹார்ஷா கெமிக்கல் நிறுவனத்தில் கிளாரன்ஸ் சீப்ரைட் வனேடிய நீலத்துக்குக் காப்புரிமை பெற்றது 1948இல். பிரசியோடிமிய மஞ்சள் அதற்குப் பின்னால் வந்தது.

பிரசியோடிமியம் அரிய மண் தனிமங்களில் ஒன்று. மோனசைட்டில் சிறு பங்காக இருக்கிறது. ஆக, எலுமிச்சை மஞ்சளுக்கு வேண்டிய கோட்டையும் அதில் குடியேற வேண்டிய ஆளும் மணவாளக்குறிச்சியின் ஒரே கைப்பிடி மணலில் இருக்கின்றன. நீலத்துக்கான வனேடியம்கூட நமக்கு அந்நியமில்லை. மணலி சுத்திகரிப்பு ஆலை காய்ச்சும் கச்சா எண்ணெய் போன்றவற்றில் மிகச் சிறிய அளவில் அது கலந்தே இருக்கிறது.

இனி, ஸ்டெயின் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம். கடைக்காரர் காட்டும் நிற அட்டையில் அழகான ரோஜா நிறம் இருக்கும். வாங்கி வந்து நம்மிடம் இருக்கும் கிளேஸில் கலந்து சுட்டால் சாம்பலோ அழுக்குப் பழுப்போ வரும். ஸ்டெயின் போலி என்று சண்டைக்குப் போவதற்கு முன், கிளேஸில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அந்த ரோஜா குரோம்-டின் பிங்க் என்ற வகையாக இருக்கலாம். வெள்ளீயமும் சுண்ணாம்பும் சிலிக்காவும் சேர்ந்த படிகத்தில் துளி குரோமியம் புகுந்து தரும் நிறம் அது. கிளேஸில் கால்சியம் ஆக்ஸைடு தாராளமாக, பத்து சதவீதத்துக்கு மேல், இருந்தால்தான் அந்தப் படிகம் உயிரோடு இருக்கும். குறைந்தால் கிளேஸ் அதைக் கரைத்துவிடும். துத்தநாகம் இருந்தால் கதை முடிந்தது: குரோமியம் பிங்க்கைக் கைவிட்டுத் துத்தநாகத்தோடு சேர்ந்து பழுப்பாகிவிடும். பளபளப்புக்காகத் துத்தநாக ஆக்ஸைடு சேர்த்த கிளேஸ்கள் கடையில் நிறைய உண்டு. போரான் மிகுந்தாலும் இந்த பிங்க்குக்கு ஆகாது.

குரோமியத்தின் இன்னொரு குறும்பு. உயர்ந்த வெப்பத்தில் அது சிறிது ஆவியாகிறது. வெள்ளீயம் சேர்த்த வெள்ளைக் கிளேஸ் பூசிய பாத்திரம் பக்கத்தில் இருந்தால், அந்தப் பக்கம் மட்டும் லேசாக பிங்க் படர்ந்து வெளியே வரும். பச்சைக் கோப்பைக்கு அருகே வைத்த வெள்ளைத் தட்டு வெட்கப்பட்டு வருவது இப்படித்தான். பேய் வேலை ஒன்றுமில்லை. இரண்டையும் ஒரே சூளையில் வைக்காமல் இருந்தால் போதும்.

குரோமியம் உள்ள கருப்பு ஸ்டெயினும் துத்தநாகக் கிளேஸில் பழுப்படிக்கும். கோபால்ட் நீல ஸ்டெயின் மேலே சொன்ன மிளகு உவமைக்கு விதிவிலக்கு. பல கிளேஸ்களில் அது நன்றாகவே கரைந்துவிடுகிறது. ஆனாலும் கரைந்த கோபால்ட்டும் நீலமாகவே இருப்பதால் யாருக்கும் புகார் இல்லை. ஜிர்கான் வகைகள்தான் சாதுக்கள்: எந்தக் கிளேஸானாலும், 1250ஐத் தாண்டினாலும் பெரும்பாலும் சொன்ன நிறம் தரும். புதிதாகத் தொடங்குகிறவர் இந்த மூன்று நிறத்தை, அதாவது வனேடிய நீலம், பிரசியோடிமிய மஞ்சள், இரும்பு பிங்க் ஆகியவற்றை வாங்கிக்கொண்டு தொடங்கலாம். மஞ்சளும் நீலமும் கலந்தால் நல்ல பச்சை. வகைக்கு வகை குணம் இப்படி மாறுவதால், ஸ்டெயின் வாங்கும்போது நிறத்தின் பெயரைக் கேட்பதைவிட அது எந்த வகை என்று கேளுங்கள். பாரிமுனை ரசாயனக் கடையில் அதற்குப் பதில் வரவில்லையென்றால், தயாரித்த நிறுவனத்தின் அட்டவணையைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

பளிச் சிவப்பு, ஆரஞ்சு வேண்டுமென்றால் கதை வேறு. அது காட்மியம் சல்ஃபோ செலினைடு. தனியாக விட்டால் உயர்ந்த வெப்பத்தில் சிதையும், நச்சும்கூட. இப்போது அதையும் ஜிர்கான் ஓட்டுக்குள் அடைத்து விற்கிறார்கள். ஓடு உடையாதவரை நிறம் நிற்கும். அதனால் அந்தச் சிவப்பைக் குண்டுகள் உருண்டு அரைக்கும் 'பால் மில்' (ball mill) இயந்திரத்தில் போட்டு அரைக்கக் கூடாது. கலந்து சலித்தால் போதும்.

அளவைப் பொறுத்தவரை, எல்லாம் உலர்ந்த எடையில்தான். நூறு கிராம் உலர்ந்த கிளேஸ் தூளுக்குக் கோபால்ட் நீலம் ஒன்று முதல் மூன்று கிராமே அடர்த்தியாகிவிடும். ஜிர்கான் வகைகளுக்கு ஐந்து முதல் பத்து வரை போகலாம். வெளிர் நிறம் வேண்டுமா, ஸ்டெயினைக் குறைப்பதோடு வெள்ளையாக்கும் ஜிர்கான் தூளையும் சேருங்கள். இரண்டு, நான்கு, ஆறு, எட்டு, பத்து என்று ஐந்து சின்ன வில்லைகளில் பூசி, பின்னால் எண் எழுதி, சூளையில் ஒரே தட்டில் வைத்துச் சுட்டுப் பார்த்துவிட்டுப் பாத்திரத்துக்குப் போனால் பணம் மிச்சம். கலந்த கிளேஸை 100 மெஷ் சல்லடையில் சலித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நீலப் புள்ளிகள் அம்மைத்தழும்பு போல நிற்கும். ஸ்டெயினை வெறும் நீரில் குழைத்துத் தூரிகையால் பூசினால் ஒட்டாது, தூளாகவே உதிரும். கொஞ்சம் ஃப்ரிட், அதாவது முன்பே உருக்கிப் பொடித்த கண்ணாடித்தூள், சேர்க்க வேண்டும்.

மண்ணுக்கு நிறமூட்டுவது இன்னும் கடினமான காரியம். நம்மூர்ப் பானை மண்ணும் செங்கல் மண்ணும் இரும்பு நிறைந்தவை, சுட்டால் சிவக்கும். அதில் பத்து சதவீதம் மஞ்சள் ஸ்டெயினைக் கொட்டினாலும் வருவது கொஞ்சம் குழம்பிய சிவப்புதான். காசு மண்ணோடு மண். கருப்பு மட்டும் எடுபடும். நீலம், மஞ்சள், பிங்க் எல்லாம் வெள்ளை மண்ணில்தான் பேசும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டும்போது வெள்ளைக் களிமண் கிடைக்கிறது. பக்கத்தில் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை, அகல்விளக்கு செய்யும் சிறு தொழில்கள் வேரூன்றியிருப்பதும் அங்கே பீங்கான் தொழில்நுட்பத்துக்கு அரசுக் கல்வி நிலையம் இருப்பதும் தற்செயல் அல்ல.

மண்ணில் கிளேஸைவிட அதிக ஸ்டெயின் வேண்டும். ஐந்து முதல் பதினைந்து சதவீதம். கிளேஸ் கண்ணாடியாகிவிடுவதால் ஒளி உள்ளே போய் நிறத்தைத் தொட்டு வருகிறது. மண்ணிலோ வெள்ளைத் துகள்கள் ஒளியைச் சிதறடித்து நிறத்தை மங்கவைக்கின்றன. மேலே நிறமற்ற கிளேஸ் பூசினால் அதே மண் சட்டென்று ஆழ்ந்த நிறம் காட்டும். பிசைந்த ஈர மண்ணில் ஏறக்குறைய கால் பங்கு நீர் என்பதை மறக்காதீர்கள். ஒரு கிலோ ஈர மண்ணில் உலர்ந்த மண் முக்கால் கிலோதான். பத்து சதவீதம் என்றால் 75 கிராம். ஸ்டெயினைத் தண்ணீரில் குழைத்துச் சலித்து, மண்ணை மெல்லிய துண்டுகளாக்கி இடையிடையே தடவிப் பிசைவது சின்ன அளவுக்குச் சரி. கூடுதல் வேண்டுமென்றால் மண்ணையே பாலாகக் கரைத்துக் கலந்து, பிளாஸ்டர் பலகையில் நீர் வற்றவிடுவதுதான் சீராக வரும்.

இரண்டு நிற மண்ணை அடுக்கி, அறுத்து, கோலம் வரவைக்கும் நெரிகோமி என்ற ஜப்பானிய முறை இப்போது இங்கும் பிரபலமாகிவருகிறது. ஒவ்வொரு ஸ்டெயினும் மண்ணின் சுருக்கத்தைக் கொஞ்சம் மாற்றும். கோபால்ட் சேர்ந்த மண் சீக்கிரம் இளகும். சுருக்கம் பொருந்தாவிட்டால் இணைப்பில் விரிசல். ஒரே அடிமண்ணிலிருந்து எல்லா நிறத்தையும் செய்து, மெதுவாக உலரவிடுவதே தீர்வு.

செலவைப் பற்றி ஒரு பழைய பாடம். 1770களில் இங்கிலாந்தின் ஜோசையா வெட்ஜ்வுட், ஜாஸ்பர் என்ற நீல மண்ணை முழுக்க நிறமேற்றிச் செய்தார். கோபால்ட் விலை கையைக் கடிக்கவே, பிறகு வெள்ளை மண்ணில் பாத்திரம் செய்து, மேலே மட்டும் நீல மண்பாலில் தோய்த்தார்கள். இன்றும் கோபால்ட் மலிவில்லை. பெரும்பகுதி காங்கோவிலிருந்து வருகிறது, பேட்டரிக்காரர்களும் அதற்காகவே வரிசையில் நிற்கிறார்கள். சிவப்புப் பானை மண்தான் கையில் இருக்கிறது என்பவருக்கும் இதே வழி உதவும்: மேலே வெள்ளை மண்பாலில் ஸ்டெயின் கலந்து பூசுங்கள். சுருக்கம் ஒத்துப்போகிறதா என்று ஒரு வில்லையில் பார்த்துக்கொண்டால் சரி.

எண்ணூர்ப் பக்கத்து அனல் மின்நிலையச் சாம்பலைக் கிளேஸாக்கலாமா என்றும் கேட்கிறார்கள். விறகுச் சாம்பலில் கிளேஸ் செய்யும் பழக்கம் கிழக்காசியாவில் மிகப் பழையது. அதில் சுண்ணாம்பும் பொட்டாஷும் இருப்பதால் உருகும். அனல் மின்நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல் பெரும்பாலும் சிலிக்காவும் அலுமினாவும். எளிதில் உருகாது, இருக்கும் இரும்பால் பழுப்படிக்கும், கன உலோகங்களும் கலந்திருக்கலாம். செங்கல்லுக்குப் பயன்படட்டும், சோற்றுத் தட்டுக்கு வேண்டாம்.

இனி ஆபத்து.  உதாரணத்துக்கு இராணிப்பேட்டை. பாரி நிறுவனத்தின் கழிப்பறைப் பீங்கான் தொழில் 1952இல் அங்கே தொடங்கியது. அதே ஊரில் மூடப்பட்ட ஒரு குரோமேட் தொழிற்சாலை விட்டுச்சென்ற ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேலான கழிவு, நிலத்தடி நீரைக் கெடுத்த கதை தமிழ்நாடு அறிந்தது. அந்தக் கழிவின் விஷம் நீரில் கரையும் ஆறு இணைதிறன் குரோமியம். ஸ்டெயினில் இருப்பது பெரும்பாலும் மூன்று இணைதிறன் குரோமியம், படிகத்துக்குள் பூட்டப்பட்டது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிப் பயப்பட வேண்டாம். அதே நேரம், பூட்டியிருக்கிறது என்று அலட்சியமும் வேண்டாம். தூளை மூச்சில் இழுப்பது எந்த வகையானாலும் கேடு. நல்ல முகக்கவசம் அணியுங்கள். தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். வீட்டு மிக்ஸியில் அரைக்கவே கூடாது. கழுவிய நீரை வாளியில் தெளியவிட்டு, அடியில் தங்கும் சேற்றைத் தனியே எடுத்து வையுங்கள். வடசென்னைச் சாக்கடை பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் போகிறது. அங்கே சேர்ந்திருப்பது போதும்.

உணவுப் பாத்திரத்தில் உண்மையான கேள்வி, கிளேஸ் நன்றாக உருகிக் கெட்டியாகியிருக்கிறதா என்பதே. குறைவாகச் சுட்ட கிளேஸிலும், அளவுக்கு மீறி நிறம் கொட்டிய கிளேஸிலும், செம்பு மிகுந்த பச்சையிலும் புளியும் எலுமிச்சையும் உலோகத்தை இழுத்து வெளியே கொண்டுவரும். ஆய்வகத்தில் நான்கு சதவீத அசிட்டிக் அமிலத்தை அறை வெப்பத்தில் 24 மணி நேரம் ஊறவைத்து, வெளியேறிய ஈயத்தையும் காட்மியத்தையும் அளக்கிறார்கள். வீட்டில் ஒரு வில்லையைப் பாதிவரை வினிகரில் ஓர் இரவு நிறுத்திப் பார்க்கலாம். நனைந்த பாதி மங்கியிருந்தால் அந்தக் கிளேஸ் தோல்வி, பேச்சே இல்லை. மங்கவில்லை என்பது மட்டும் தேர்ச்சிச் சான்றிதழ் ஆகாது. விற்கப்போகிறவர் ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் தீர வேண்டும். அதுவரை கோப்பையின் உள்ளே நிறமற்ற, ஈயமில்லாத கிளேஸைப் பூசுங்கள். நீலமோ மஞ்சளோ பவளமோ, ஆசைப்பட்ட நிறமெல்லாம் வெளிப்பக்கத்தில் இருக்கட்டும்.